சுரம் தங்காத கிடார்

கல்யாண வீட்டில் போய்த் திருப்புளி கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அரிவாள்மணை கிடைக்கும். தேங்காய்த் துருவி கிடைக்கும். பெண்ணின் பெரியம்மா தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, "இதுல ஆகுமான்னு பாரு சாமி" என்று அன்போடு நீட்டுவார். திருகாணி முடுக்குகிற திருப்புளி மட்டும் கிடைக்காது.

கொல்லங்கோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. வெயில் தணிந்து, பந்தலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மேடையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் வேலுச்சாமி அண்ணன், ஆர்மோனியத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் பந்தலுக்குப் பின்னால், சாம்பார் கொதிக்கும் அடுப்புகளுக்கு நடுவில், கழுத்தில் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமாகத் திருப்புளி கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கரண்டி வேணும்னா தாரனுங்க. சோலி முடிஞ்சதும் கழுவிக் குடுத்துருங்க" என்றார்.

கிடாருக்குள் இருந்த ஒரு சாமான் கீழே இறங்கிவிட்டது. அதை மேலே ஏற்றாவிட்டால் எங்கள் பாடகி மரகதத்தின் பாட்டு போச்சு. அன்றைய பாட்டு மட்டுமல்ல, இனி அவள் மேடையேறிப் பாடுவதே போச்சு. அப்படித்தான் நான் நினைத்தேன். நான் நினைத்தது சரியாக இருக்கும் சந்தர்ப்பம் இந்தக் கதையில் ஒன்றுகூட வராது என்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

கதவுக்கு ஆகிற பலகை

எருத்தேன்பதிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார். கடலை போடுவோம். தென்னை உண்டு. அந்த வட்டாரத்தில் எலெக்ட்ரிக் கிடார் வைத்திருந்த ஒரே விவசாயி நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊரில் என் அம்மாவிடம் எல்லோரும் அனுதாபத்தோடு விசாரித்த விஷயம் அது.

கிடார் கோயமுத்தூரில் கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து பழசாக வாங்கியது. சிவப்புச் சாயம், வெள்ளைப் பித்தான்கள். எடையைப் பார்த்தால் கதவு செய்ய எடுத்து வைத்த பலகையில் யாரோ ஆசாரி மனம் மாறிக் கிடார் செய்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

குறை ஒன்றுதான். கம்பியை மீட்டினால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். வந்தவுடனே அணைந்துவிடும். வேகமான பாட்டுகளில் இது பெரிதாகத் தெரியாது, ஒரு சுரம் செத்தால் அடுத்ததைத் தட்டிவிடலாம். எங்கே ஒரே சுரம் நீளமாகத் தங்கி நிற்க வேண்டுமோ அங்கேதான் மானம் போகும்.

வேலுச்சாமி அண்ணன் கொல்லங்கோட்டில் தையல் கடை வைத்திருந்தார். துணியைப் பார்த்ததும் எத்தனை மீட்டர் என்று சொல்கிற மாதிரி சத்தத்தையும் சட்டென்று எடை போட்டுவிடுவார். என் கிடாரை முதலில் கேட்ட அன்றே, "சாமிநாதா, உன்ற கிடாரு பாடற மாதிரி இல்லையே, தும்மற மாதிரியில்ல இருக்குது" என்றார்.

ஆடு கத்திய நாள்

மரகதம் எங்கள் குழுவின் பாடகி. அப்பா இல்லாத வீடு. அண்ணன் ஆறுச்சாமி வாளையார் வழியாகச் சிமிட்டி லோடு ஏற்றிப்போகும் லோறி ஓட்டினான். அவன் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். தங்கச்சியைப் பாட அனுப்பியதே பெரிய விஷயம், அதற்கு வேலுச்சாமி அண்ணன் அவர்கள் வீட்டுக்கு நடந்த நடையில் ஒரு செருப்புத் தேய்ந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு நடக்கலாம். மைக் இல்லாமலே மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும், கேட்கிற மூன்று தோட்டத்திலும் வேலை நிற்கும்.

அப்போது எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு சோகப் பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், அதை உருவாக்கியவர்களுக்கு நான் செய்தது போதும். அந்தப் பாட்டு கிடாரின் ஒரே ஒரு நீண்ட சுரத்தில் ஆரம்பிக்கும். தாளம் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. அந்தச் சுரம் காற்றில் நிற்கும்போதே பாடகி அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் முதல்முறையாக அதை வைத்தோம். நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உலகத்தின் துயரத்தையெல்லாம் விரலுக்குக் கொண்டுவந்து மீட்டினேன். டங். அவ்வளவுதான். என் தலை மட்டும் இன்னும் சாய்ந்தபடி இருந்தது.

மரகதம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தானாக ஒரு சுருதியைத் தாவிப் பிடித்துப் பாட ஆரம்பித்தாள். அது மேலே எங்கேயோ இருந்தது. பிறகு ஆர்மோனியம் சரியான சுருதியில் கீழே வந்து சேர, காளையையும் எருமையையும் ஒரே வண்டியில் பூட்டிய மாதிரி ஆயிற்று. பின்வரிசையில் எவனோ ஆடு மாதிரி கத்தினான். கூட்டம் சிரித்தது. அவள் நிறுத்தாமல் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கியபின் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

ஆறுச்சாமி கூட்டத்தில்தான் இருந்திருக்கிறான். நேரே வந்தான்.

"ஏனுங்ண்ணா, என்ற தங்கச்சியப் பாத்து ஆடு மாதிரி கத்தறானுங்க. நாளைக்கு வாளையார்ல லோறிய நிறுத்துனா அங்கயும் கத்துவானுங்க. எனக்குப் பொறுக்காதுங்க."

"ஒரு நாளு அப்பிடித்தான் ஆகும் ஆறுச்சாமி" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"கொல்லங்கோட்டுக் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாச்சு, அதுக்கு அனுப்பறேன். அங்கயும் இப்பிடி ஆச்சுன்னா இதோட நிறுத்திக்கலாமுங்க. பாடி இவ சிரிப்பா சிரிச்சது போதும்."

அவன் போனபின் மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"அண்ணா, அந்தச் சத்தம் இன்னும் சித்த நேரம் இருந்துச்சுன்னா நான் புடிச்சுக்குவனுங்க" என்றாள்.

வேலுச்சாமி அண்ணன் சுலபமான வழி ஒன்று சொன்னார். அந்த ஒரு சுரத்தை அவரே ஆர்மோனியத்தில் பிடித்துத் தருவதாக. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாண ஊட்டுக்காரங்க ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வேணும்னு கேட்டிருக்கறாங்க. ரெக்கார்டுல கிடாருதானுங்ளே" என்றேன். கலைக்காகப் பேசுவதாக நினைப்பு. உண்மையில் அந்தப் பாட்டு முழுவதிலும் கிடாருக்கு வேலையே அந்த ஒரு சுரம்தான். அதையும் விட்டுக்கொடுத்தால், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நான் மேடையில் நிற்பதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கும்.

உப்புப் போட்டுக்க

கம்பியில் அழுக்குப் படிந்தால் சுரம் தங்காது என்று யாரோ சொன்னார்கள். வெந்நீரில் போட்டு எடுத்தால் சரியாகிவிடுமாம். ஆறு கம்பிகளையும் கழற்றிச் சுருட்டிச் சோற்றுக் குண்டாவில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அம்மா கொல்லையிலிருந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னடா இது?"

"கம்பிங்மா."

"வெந்துருச்சா?"

"இன்னும் சித்த நேரமாகும்."

மூடியைத் திரும்ப வைத்தாள். "உப்புப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கம்பிகள் பளபளவென்று வந்தன. சுரம் முன்னைவிடத் தெளிவாகப் பிறந்து, முன்னைவிடத் தெளிவாகச் செத்தது.

அடுத்தது கனம். மணி ஏன் வெகுநேரம் முழங்குகிறது? கனத்தால்தானே. கிடாரின் தலைப்பக்கம் ஓர் எடைக்கல்லைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். சுரம் ஒரு நூல் நீண்டது என்று சத்தியம் செய்வேன். ஆனால் கையை எடுத்தால் கிடார் தலைகுப்புறத் தரையைப் பார்த்தது. இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் என் இடது தோள் இறங்கிவிட்டது. ஒரு வாரம் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன், பார்த்தவர்கள் சுளுக்கு எடுக்க ஆள் சொன்னார்கள்.

பிறகு, எங்கள் காளையின் உடைந்துபோன கழுத்துமணி ஒன்றிலிருந்து வெண்கலத் துண்டை வெட்டி, அரத்தால் ராவி, கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் உட்காரும் கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். இதிலும் கொஞ்சம் பலன் தெரிந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி என்று பெயர் வாங்கியிருப்பேன்.

கிணற்றுக்குள் பிறந்த ஞானம்

எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டில் உட்கார வைத்திருப்போம். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் திணறும். போட்டவுடன் குழாய் நிறையக் கொட்டும், பிறகு விரல் கனம் வரும், பிறகு வெறும் காற்று. அப்போது அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாம் கூடி, வடம் கட்டி, மோட்டாரை இன்னொரு திட்டுக்கு இறக்குவோம். தண்ணீருக்குப் பக்கத்தில் போனதும் பழையபடி இழுக்கும். ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்குகிறார்கள் என்றால் சாப்பாட்டில் உட்கார்ந்தவனும் கையை உதறிவிட்டு ஓட வேண்டும். வராதவன் கிணற்றுக்கு நாளைக்கு ஒருத்தரும் போக மாட்டார்கள்.

மழை பொய்த்த வருஷம் அது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் இறக்கும்போது நானும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து பெரியவர் ஒருவர், "இன்னும் பக்கமா உடுங்க, பக்கமா இருந்தாத்தான் நின்னு இழுக்கும்" என்றார். அந்த நொடியில் எனக்கு ஞானம் பிறந்தது. கூடவே வடத்தையும் விட்டுவிட்டேன். மற்றவர்கள் பிடித்திருந்ததால் மோட்டார் பிழைத்தது, நான் அன்றைக்கு வாங்கிய பேச்சை அச்சிட முடியாது.

ஞானம் இதுதான். எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தமும் அதைச் சுற்றிச் செம்புக் கம்பியும். மேலே கம்பி ஆடுவதை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். முதலில் நிறைய வருகிறது, பிறகு கொஞ்சம், பிறகு ஒன்றுமில்லை. வேறென்ன? மோட்டார் தண்ணீருக்குத் தூரத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு ஓடினேன். மூடித் தகட்டைக் கழற்றி, பிக்கப்பை அடியில் தாங்கிக்கொண்டிருந்த பழைய பஞ்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்து, அதைக் கம்பிகளுக்குப் பக்கமாக ஏற்றினேன். மீட்டினால் சத்தம் இடி மாதிரி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த இடி முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது. போதாததற்குக் கள் குடித்தவன் நடை மாதிரி ஒரு தள்ளாட்டமும் சேர்ந்திருந்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது: இன்னும் பக்கத்தில் வரவில்லை. இன்னொரு ரப்பர் வைத்தேன். பிறகு இன்னொன்று.

விஷயம் நேர்மாறு. பிக்கப்பில் இருக்கும் காந்தம் கம்பிக்கு மிகப் பக்கத்தில் வந்தால், ஆடுகிற கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். கொஞ்சம் தள்ளி இருந்தால் சத்தம் குறையும், ஆனால் கம்பி தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும். வாங்கும்போதே அது அளவுக்கு மேல் ஏறித்தான் இருந்திருக்கிறது, நான் அதை மேலும் ஏற்றி அதன் கழுத்தை நெரித்தேன். கோயமுத்தூரில் ஒருவர் இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது என் தலை நரைத்திருந்தது. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அப்போதைய எனக்குத் தெரியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் கூரைமேல்

கல்யாணத்தன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கிடாரைக் கம்பளியில் சுற்றிக் கூரைமேல் கடலை மூட்டைகளுக்கு நடுவில் போட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து கொல்லங்கோடு வரை ரோட்டில் பள்ளங்களே அதிகம், ரோடு அங்கங்கே இருக்கும்.

பந்தலில் கம்பளியைப் பிரித்தேன். என் ரப்பர்த் துண்டுகளில் ஒன்று கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தது, மற்றவை உள்ளே எங்கோ உருண்டன. பிக்கப் அடியோடு இறங்கிக் கிடந்தது. மீட்டிப் பார்த்தால் சத்தம் பூனை நடந்த மாதிரி வந்தது. தண்ணீர் எங்கேயோ, மோட்டார் எங்கேயோ. அவசரத்தில் திருப்புளியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அப்படித்தான் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தேன். கரண்டியை மறுத்துவிட்டுத் திரும்பினால் எதிரே ஆறுச்சாமி நிற்கிறான். லோறியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"என்னங்க தேடறீங்க?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "திருப்புளிங்க. இது சரியாகாட்டி மரகதத்துக்குச் சத்தம் நிக்காது" என்றேன்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து நீட்டினான். லோறித் திருப்புளி, என் முழங்கை நீளம். என் கிடாரின் திருகுகள் கடுகளவு. அவன் திருப்புளியையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல ஆவாதுங்களா?" என்றான். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டபோதுதான், தங்கச்சி தோற்க வேண்டும் என்று அவன் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"ஆவாதுங்க" என்றேன். மேடையிலிருந்து வேலுச்சாமி அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

போகவே இல்லை

என்னால் முடிந்தது ஒன்றுதான். ஒலிபெருக்கியில் சத்தம் கூட்டும் பித்தானை அது போகிற கடைசிவரை திருகிவிட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டேன். சாமிப் பாட்டு முடிந்தது. கல்யாணப் பாட்டுகள் முடிந்தன. பிறகு அந்தப் பாட்டு. மரகதம் மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள். விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி அண்ணன் என்னை நம்பாமல் ஆர்மோனியத்தில் சரியான கட்டைமேல் ஒரு விரலைத் தயாராக வைத்திருந்ததைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த முறை கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. மீட்டினேன்.

மெதுவாகத்தான் வந்தது. வந்து நின்றது. எப்போதும் அணைகிற இடம் வந்தது, போயிற்று. சுரம் அங்கேயே இருந்தது. நான் கம்பியைக் குனிந்து பார்த்தேன், அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. ஏதோ பழுதாகி இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

காதுகுத்துக்குப் பிறகு பயிற்சியில் நாங்கள் பழகியதே அது செத்தபின் வரும் அமைதியில்தான். அதனால் இப்போது எப்போது ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தபலாக்காரர் என்னைப் பார்த்தார். வேலுச்சாமி அண்ணன் ஆர்மோனியத்திலிருந்து விரலை எடுத்தார். மரகதம் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு மைக்கைப் பார்த்தாள். பந்தலில் பேச்சு நின்றிருந்தது. அவள் அந்தச் சுரத்துக்குள் வந்து சேர்ந்தாள். எங்கே கிடார் முடிந்தது, எங்கே அவள் ஆரம்பித்தாள் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, அதற்கப்புறம் எனக்கு வேலை இல்லை.

பாட்டு முடிந்ததும் மறுபடி அதையே பாடச் சொன்னார்கள். கச்சேரி முடிந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி பின்னால் வந்தான். அந்தப் பெரிய திருப்புளி இன்னும் கையில்தான் இருந்தது.

"அண்ணா, அடுத்தது எங்கீங்க?" என்று வேலுச்சாமி அண்ணனைக் கேட்டான்.

"எருத்தேன்பதியில மாரியாத்தா நோம்பி."

"அன்னிக்கு லோடு எடுக்கலீங்க. நானே கூட்டியாரேன்."

மறுநாள் காலை

மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, சின்னத் திருப்புளியை எடுத்து, புது ரப்பர் வெட்டி, பிக்கப்பைப் பழையபடி மேலே ஏற்றியதுதான். அன்றைக்கு எப்படியோ ஓடிவிட்டது, தெய்வாதீனம். ஒவ்வொரு கச்சேரிக்கும் தெய்வத்தைத் தொந்தரவு செய்ய முடியுமா? இந்த முறை பஸ்ஸில் இறங்காதபடி பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

எருத்தேன்பதி நோம்பித் திருவிழா. சொந்த ஊர், சொந்தச் சனம், முன்வரிசையில் என் அம்மா. அந்தப் பாட்டு வந்தது. மீட்டினேன். டங்.

அவ்வளவுதான். நான் தலையைத் தூக்கவே இல்லை. ஆட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மரகதம் அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள். வெறும் அமைதிக்குள், யாரும் எதையும் கொடுக்காமல், ஆரம்பித்தாள். ஆர்மோனியம் வந்து சேர்ந்தபோது இம்மி பிசகவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஆறுச்சாமி, 'டங்' கேட்டதும் தலைமேல் வைத்த இரண்டு கைகளையும் இறக்க மறந்து நின்றிருந்தான்.

மேடையை விட்டு இறங்கும்போது அவளிடம் கேட்டேன். "எப்பிடிம்மா புடிச்ச? என்ற கிடாருதான் கை உட்ருச்சே."

"கொல்லங்கோட்டுல கேட்டனல்லங்கண்ணா. அது இன்னும் காதுலயே இருக்குதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் சுரம் தங்க வேண்டும் என்று அந்தக் கிடாரை நான் எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். அவளுக்காக ஒரு தடவைகூடக் கழற்ற வேண்டி வரவில்லை.